ஒத்திகை மண்டபத்தில் நிற்கிறவருக்கு யார் சம்பளம் குடுக்கிறது? இங்கிலாந்துப் பள்ளிகளின் இளம் கலைப் பயிலுநர்கள்

இரண்டு வருசத்துக்கு முந்தி, தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கித் தரச்சொல்லி ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். எங்களில் மூன்று பேர் போனோம். மூவரும் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்கள். ஒருத்தருக்கும் அப்போது வேலை இல்லை. ஆறு கிழமை, பின்னேரம் 2 மணியிலிருந்து 5 மணி வரை நின்றோம். வசனம் பழக்கினோம், மட்டை வெட்டிக் கிரீடம் செய்தோம், வாயே திறக்காத ஒரு பொடியனைக் கட்டியக்காரனாக்கினோம். நாடகம் வலயத்தில் முதலாமிடம் வந்தது. எங்களுக்கு ஒரு சான்றிதழும் தேத்தண்ணியும் ரோல்ஸும் கிடைத்தன. பஸ் காசு எங்கட கையால்தான்.

இதைப் பெரிய குறையாகச் சொல்லவரவில்லை. சந்தோசமாகத்தான் செய்தோம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி எழும்பியது. நைற்றாவில் மோட்டார் மெக்கானிக் பயிலுநர் என்றால் எல்லாருக்கும் விளங்கும். கராஜில் நிற்பான், பழகுவான், மாசம் ஏதோ ஒரு கொடுப்பனவு வரும், கடைசியில் என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு நின்று நாடகம், சித்திரம், பாட்டு என்று வேலை செய்கிற இளம் ஆளுக்கு அப்படியொரு பெயரும் சம்பளமும் உலகத்தில் எங்காவது இருந்திருக்கா?

தேடினோம். இங்கிலாந்தில் இருந்திருக்கிறது. அதுவும் நாங்கள் நினைத்ததைவிடப் பழைய கதை. தொடக்கம் இன்னும் ஆச்சரியம், ஏனென்றால் அது சென்னையில் தொடங்குகிறது.

1789 இல் சென்னை எழும்பூரில் படையினரின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த ஆண்பிள்ளை விடுதியின் பொறுப்பாளராக அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் வந்தார். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைக் கண்டார். அந்தக்கால ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்றுதான் எழுதுவார்கள் என்பது இலங்கை வரலாறு படித்த எல்லாருக்கும் தெரியும். அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். எங்கட திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காட்சிதான். பெல் அதைத் தன் விடுதிக்குக் கொண்டுபோனார். பெரிய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அப்போது எட்டு வயதான ஜோன் பிரிஸ்கென் என்ற பொடியனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு ஓடியது. பிள்ளையே பிள்ளைக்குப் படிப்பிக்கிற முறை அங்கே உருவானது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

1797 இல் பெல் இதைப் புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். 'மட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அதேபோன்ற முறையை லண்டனில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம் என்று பெருமையடித்தார். அந்தப் பெருமையிலேயே கதையின் மறுபக்கமும் தெரிகிறது. சட்டாம்பிள்ளை மலிவு. அவனுக்குச் சம்பளமில்லை. அவன் படிக்க வேண்டிய நேரத்தில் மற்றவருக்குச் சொல்லிக்குடுத்துக்கொண்டிருந்தான்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு இது போதாது என்று அரசுக்கே விளங்கியது. 1846 இல் ஜேம்ஸ் கே-ஷட்டில்வேர்த் என்ற கல்வி நிர்வாகி 'மாணவ ஆசிரியர்' திட்டத்தைக் கொண்டுவந்தார். குறைந்தது 13 வயதான பிள்ளை ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடம் ஐந்து வருசத்துக்குப் பயிலுநராக ஒப்பந்தம் செய்யும். தச்சனிடமோ கொல்லனிடமோ போடுகிற மாதிரியான அதே ஒப்பந்தம். முதல் வருசம் 10 பவுண், ஐந்தாம் வருசம் 20 பவுண், அரசே கொடுக்கும். தலைமையாசிரியர் பிள்ளைக்குத் தினமும் ஒன்றரை மணித்தியாலம் தனியாகப் பாடம் எடுக்க வேண்டும். எங்களைக் கவர்ந்த இடம் இதற்குப் பிறகு வருகிறது: அப்படிப் பழக்குகிற ஆசிரியருக்கும் அரசு தனியாகக் காசு கொடுத்தது. பழகுகிறவருக்குச் சம்பளம், பழக்குகிறவரின் நேரத்துக்கும் சம்பளம். இந்த இரண்டாவது விசயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். பகல் முழுக்க நெருக்கமான வகுப்பில் நின்றுவிட்டு இரவில் படிக்கிற வாழ்க்கை. ஆனாலும் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், படித்த வேலையொன்றுக்குள் நுழைய அது ஒரு கதவு. பிற்காலத்தில் நாவலாசிரியராகப் பெயரெடுத்த டி. எச். லோரன்ஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். 1902 இல் தன் ஊரான ஈஸ்ற்வூட்டில் மாணவ ஆசிரியராகத்தான் தொடங்கினார். அதற்குள் திட்டம் ஒருதரம் அடிவாங்கியும் இருந்தது. 1862 இல் வந்த புதிய விதிகள் அரசின் நேரடிக் கொடுப்பனவை நிறுத்தின. பிள்ளைகளின் பரீட்சை முடிவைப் பார்த்துப் பள்ளிக்கு மொத்தமாகக் காசு, அதற்குள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற மாதிரி. மாணவ ஆசிரியர்களின் தொகை விழுந்தது. பள்ளிக்குக் காசு இறுகும்போது முதலில் வெட்டப்படுவது யார் என்பதை இந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு தரம் பார்க்கப்போகிறோம்.

கலை இந்தக் கதைக்குள் வருவது 1965 இல், கொவென்ரி நகரில். 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் குண்டுவீச்சில் எரிந்த ஊர் அது. போருக்குப் பிறகு கட்டியெழுப்பியபோது நகரசபை ஒரு அரங்கையும் கட்டியது. பெல்கிரேட் நகரம் மரம் அன்பளிப்பாகக் கொடுத்ததால் அதற்கு 'பெல்கிரேட் அரங்கு' என்று பெயர். 1958 இல் திறந்தார்கள். ஏழு வருசம் கழித்து அந்த அரங்கு ஒரு சின்னக் குழுவைப் பள்ளிகளுக்குள் அனுப்பத் தொடங்கியது. அவர்களை 'நடிகர்-ஆசிரியர்' என்றார்கள். மேடை போட்டு நடித்துவிட்டுப் போகிற வேலை இல்லை. ஒரு வகுப்பை எடுத்து, பிள்ளைகளையும் கதைக்குள் இழுத்து, இந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று கேட்கிற வேலை. நாங்கள் உயர்தரத்தில் 'கல்வியில் அரங்கு' என்று குறிப்பு எழுதிப் பாடமாக்கினோமே, அதன் பிறந்த வீடு இதுதான். அந்தக் குறிப்பில் ஒரு வரி இருக்கவில்லை: நடிகர்-ஆசிரியர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். நகரசபை காசு போட்டது, பள்ளிகளுக்கு இலவசம்.

இந்த முறை பல நகரங்களுக்குப் பரவியது. 1988 இன் கல்விச் சீர்திருத்தச் சட்டம் உள்ளூர்க் கல்வி அதிகாரிகளின் கையிலிருந்த காசைப் பிரித்துப் பள்ளிகளிடமே கொடுத்தது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் கூரை ஒழுகும்போது நாடகக் குழுவுக்கு எந்த அதிபர் காசு எடுத்துவைப்பார்? இலவசமாக வந்த குழுக்கள் கட்டணம் கேட்க வேண்டி வந்தது. கனக்கக் குழுக்கள் மூடுப்பட்டன.

இதற்கிடையில் இளம் ஆட்களின் பக்கம் வேறொன்று நடந்தது. 1970களின் கடைசியில் இளைஞர் வேலையின்மை ஏறியது. 1978 இல் ஒரு இளைஞர் வாய்ப்புத் திட்டமும், 1983 இல் அதன் இடத்தில் இளைஞர் பயிற்சித் திட்டமும் வந்தன. பின்னதில் 16 வயதுப் பிள்ளைக்கு வாரம் 25 பவுண் கொடுப்பனவு. 'சம்பளம்' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். மலிவுக் கூலி என்ற கோபம் அப்போதே இருந்தது. 1985 ஏப்ரலில் பள்ளி மாணவர்களே இந்தத் திட்டத்தைக் கட்டாயமாக்கப் போகிறார்கள் என்று சொல்லி வகுப்பைவிட்டு வெளியே வந்து ஊர்வலம் போனார்கள். இங்கிலாந்தில் 'பயிற்சி' என்ற சொல்லில் ஒட்டியிருக்கிற சந்தேகம் அந்தக் காலத்தது.

ஆக 1990களில் இரண்டு வரிசையும் தனித்தனியாக நின்றன. ஒரு பக்கம் காசில்லாத பள்ளிக் கலை, மறுபக்கம் நம்பிக்கையில்லாத இளைஞர் பயிற்சி. இரண்டும் சந்தித்தது 2000களில்.

1999 இல் கென் ரொபின்சன் தலைமையிலான குழு 'எங்கள் எல்லாருடைய எதிர்காலங்கள்' என்ற அறிக்கையை அரசுக்குக் கொடுத்தது. அவருடைய காணொளியைப் பார்க்காதவர் எங்கட தலைமுறையில் குறைவு. படைப்பாற்றல் சித்திரப் பாடத்துக்கு மட்டும் உரியது கிடையாது, எல்லாப் பாடத்துக்கும் உரியது என்பது அதன் வாதம். 2002 இல் 'கிரியேட்டிவ் பார்ட்னர்ஷிப்ஸ்' தொடங்கியது. முதலில் வறுமை கூடிய 16 பகுதிகள், பிறகு 36. பள்ளியைத் தேடிப் போகிற ஒரு 'படைப்பு முகவர்' இருப்பார். முதலில் பள்ளியிடம் உங்கட பிரச்சினை என்ன என்று கேட்பார். பிள்ளைகள் வாசிக்கிறார்கள் இல்லை, பெற்றோர் வாசலுக்கு வாறதில்லை, இப்படி ஏதாவது. அதற்குப் பிறகுதான் எந்தக் கலைஞர் பொருத்தம் என்ற பேச்சு. 2011 இல் முடிகிறபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் 90,000 ஆசிரியர்களும் இதற்குள் வந்திருந்தார்கள் என்பது திட்டத்தின் கணக்கு.

அதே காலத்தில், 2003 இல், ஆசிரியரின் வேலைச்சுமை பற்றி ஒரு தேசிய உடன்பாடு வந்தது. காசு சேர்க்கிறது, போட்டோகொப்பி அடிக்கிறது, சுவரில் பிள்ளைகளின் படங்களை ஒட்டுறது என்று 24 வேலைகளைப் பட்டியல்போட்டு, இவற்றை ஆசிரியர் வழமையாகச் செய்யக்கூடாது என்றார்கள். வகுப்புக்குள் ஆசிரியர் அல்லாத வளர்ந்த ஆட்கள் நிற்பது சாதாரணமானது.

இந்த வெளிக்குள்தான் கலைப் பயிலுநர் வந்தார். 2008 பெப்ரவரியில் பிரித்தானிய அரசு ஒரு படைப்புத் தொழில் திட்டத்தை வெளியிட்டு, 2013 அளவில் இந்தத் துறையில் வருசத்துக்கு 5,000 பயிலுநர் இடங்கள் என்று வாக்குக் கொடுத்தது. அதே வருசம் 'கிரியேட்டிவ் அண்ட் கல்ச்சரல் ஸ்கில்ஸ்' என்ற அமைப்பு படைப்புப் பயிலுநர் முறையைத் தொடங்கியது. மேடை ஒளி-ஒலி, உடையலங்காரம், நூதனசாலை, இசைத் தொழில் என்று பல பிரிவுகள். அதில் ஒன்று சமூகக் கலை. பள்ளிகளோடு வேலை செய்கிற இளம் ஆட்களுக்குப் பொருந்திய பிரிவு அது. சான்றிதழ் என்.வி.கியூ. 2 அல்லது 3.

இது ஏன் தேவைப்பட்டது? அரங்குகளிலும் கலைக்கூடங்களிலும் வேலைக்குச் சேர அந்தக் காலத்தில் இரண்டு வழிதான் நடைமுறையில் இருந்தன. பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் மாசக்கணக்கில் சம்பளமில்லாமல் 'அனுபவத்துக்கு' வேலை செய்ய வேண்டும். லண்டன் வாடகையில் சம்பளமில்லாமல் ஆறு மாசம் நிற்க யாரால் ஏலும்? தகப்பன் காசு கொடுக்கிறவரால். கலைத் துறை ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து வந்தவர்களால் நிரம்பியிருந்ததுக்கு இது ஒரு முக்கிய காரணம். 16 வயதில் பள்ளியை விட்ட ஒருத்தரை, கறுப்பின அல்லது ஆசிய வீட்டுப் பிள்ளையை, முதல்நாளிலிருந்தே சம்பளத்தோடு உள்ளே எடுக்கிறது என்பது சின்ன மாற்றமில்லை.

வேலை என்ன? பட்டறைக்கு முந்திக் கதிரைகளை ஒதுக்குவது, களிமண்ணையும் தூரிகையையும் எண்ணி வைப்பது, எந்தப் பிள்ளையைப் படமெடுக்கப் பெற்றோர் சம்மதம் தரவில்லை என்று பார்த்துவைப்பது, கலைஞர் முன்னுக்கு நின்று நடத்தும்போது மூலையில் ஒதுங்கி இருக்கிற பிள்ளையோடு போய் இருப்பது, முடிந்த பிறகு என்ன நடந்தது என்று எழுதுவது. பொதுவாகக் கிழமையில் ஒருநாள் கல்லூரிக்குப் போவது. பள்ளிக்குள் நுழைய முதல் குற்றப்பதிவுச் சோதனை. மூலையில் இருக்கிற பிள்ளையோடு போய் இருக்கிறதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எங்கட கட்டியக்காரன் வாய் திறந்தது எங்களில் ஆக இளையவளிடம்தான். அவள் அவனுடைய அக்காவின் வகுப்புத் தோழி. முப்பது வருச அனுபவமுள்ள ஆசிரியருக்குக் கிடைக்காத நெருக்கம் 18 வயதுக்குக் கிடைக்கிறது. பயிலுநரை வைத்திருப்பதற்கு மலிவைத் தவிர உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

2009 இல் பொருளாதார நெருக்கடியில் இளைஞர் வேலையின்மை மறுபடியும் ஏறியபோது 'பியூச்சர் ஜொப்ஸ் பண்ட்' வந்தது. முக்கியமாக 18 முதல் 24 வயது வரையான, வேலையில்லாதவர்களுக்கு ஆறு மாச வேலை. கிழமைக்குக் குறைந்தது 25 மணித்தியாலம், சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம். ஒரு இடத்துக்கு அரசு 6,500 பவுண் வரை கொடுத்தது. சமூகத்துக்குப் பயன்படுகிற வேலையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கலை அமைப்புகளும் இதைப் பிடித்துக்கொண்டு இளம் ஆட்களை எடுத்தன. 25 பவுண் கொடுப்பனவுக் காலத்தோடு ஒப்பிட்டால், இந்த முறை 'சம்பளம்' என்ற சொல்லே வந்துவிட்டது.

பிறகு 2010. அந்த வருசத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். மே 11 புதிய கூட்டரசு வந்தது. மே 24 முதலாவது வெட்டுப் பட்டியலிலேயே இந்த நிதி நிறுத்தப்பட்டது. கடைசி ஆட்கள் 2011 மார்ச்சில் சேர்ந்தார்கள். ஒக்டோபரில், கலைக் கழகத்தின் நிதி வெட்டப்பட, கிரியேட்டிவ் பார்ட்னர்ஷிப்ஸுக்கு இனிக் காசில்லை என்ற அறிவிப்பு. அதே ஒக்டோபரில் பயிலுநருக்கென்று தனியான குறைந்தபட்சச் சம்பளம் முதல்தரம் சட்டமானது: மணிக்கு 2 பவுண் 50 பென்ஸ். அதுவரை இங்கிலாந்தில் அரசு காசில் பயில்கிறவர்களுக்கு வாரம் 95 பவுண் என்ற அடிமட்டம் இருந்தது. கிழமைக்கு 30 மணித்தியாலம் வேலை செய்கிற ஒருத்தருக்குப் புதுக் கணக்கு 75 பவுண். டிசம்பர் 9 பல்கலைக்கழகக் கட்டணத்தை 9,000 பவுண் வரை ஏற்றப் பாராளுமன்றம் வாக்களித்தது. ஜனவரியில், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 16 வயதுக்குப் பிறகும் படிக்க வாரம் 30 பவுண் வரை கிடைத்த உதவிப்பணம் இங்கிலாந்தில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. ஒரு குளிர்காலம்தான். 17 வயதில் கலைப் பக்கம் போக யோசித்திருந்த, காசில்லாத ஒரு பிள்ளைக்கு முன்னால் இருந்த கதவுகளை எண்ணிப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நிதியை நிறுத்திய அரசின் வேலைத் திணைக்களமே 2012 இல் அதன் விளைவைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. பங்குபற்றிய ஒராளுக்குச் சமூகத்துக்கு 7,750 பவுண் அளவு நிகர நன்மை என்று வந்தது. கணக்கு வந்து சேர்ந்தபோது திட்டம் செத்து ஒன்றரை வருசம்.

முற்றாக அழிந்துபோகவும் இல்லை. 2011 இல் இங்கிலாந்துக் கலைக் கழகம், வேலை செய்கிற இளம் ஆளைச் சம்பளமில்லாமல் வைத்திருப்பது பிழை என்று கலை அமைப்புகளுக்கு வழிகாட்டி எழுதியது. 2013 இல் லொத்தர் காசில் 1.5 கோடி பவுண் ஒதுக்கி, 16 முதல் 24 வயதான வேலையற்றவர்களுக்கு 6,500 வரையான பயிலுநர், சம்பளப் பயிற்சி இடங்களை உருவாக்க உதவியது. சம்பளத்தின் ஒரு பங்கை நிதி தாங்கும், மிச்சம் அமைப்பு போட வேண்டும். 2017 இலிருந்து சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுணுக்கு மேலான நிறுவனங்கள் 0.5 வீதம் பயிலுநர் வரி கட்டுகின்றன. பெரிய நிறுவனத்துக்கு அது சரி. ஐந்து பேர் உள்ள நாடகக் குழு இந்தக் கணக்குக்குள் எப்போதும் விளிம்பில்தான். இன்று 'பண்பாட்டுக் கற்றல் மற்றும் பங்கேற்பு அலுவலர்' என்ற 3 ஆம் மட்டப் பயிலுநர் தரம் இங்கிலாந்தில் அதிகாரபூர்வமாக இருக்கிறது. நாங்கள் பஸ்ஸில் தேடிய பெயர் அதுதான். கொஞ்சம் நீளம்.

1846 ஐ ஞாபகத்தில் வைக்கச் சொன்னோம். பிந்திய திட்டங்களில் பயிற்சிக்கான அரசுக் காசு கல்லூரிகளுக்கும் பயிற்சி நிறுவனங்களுக்கும் போனது. சில காலங்களில் பயிலுநரின் சம்பளத்துக்கும் உதவி வந்தது. பக்கத்தில் நின்று இந்தக் கத்தரிக்கோலை இப்படிப் பிடி, அந்தப் பிள்ளையிடம் இப்போது போகாதே, கொஞ்சம் பொறு என்று சொல்லிக்கொடுக்கிறவரின் நேரத்துக்குக் கே-ஷட்டில்வேர்த் வைத்த மாதிரியான ஒரு வரி இவற்றில் எங்கள் கண்ணில் படவில்லை. அந்த நேரம் இல்லாவிட்டால் பயிலுநர் கதிரை அடுக்குகிற ஆளாக மிஞ்சுவார். ஆறு மாசம், ஒரு வருசம் முடிய அடுத்தவர் வருவார். பெல்லின் சட்டாம்பிள்ளையும் அப்படித்தான் மாறிமாறி வந்தான்.

போன மாசம் அதே பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவும் கோல் வந்தது. இந்த வருசமும் நாடகம். மூவரில் ஒருத்தர் இப்போது கட்டாரில், கடையொன்றில் வேலை. மற்ற இருவரும் போவதாகச் சொன்னோம். சொல்லிவிட்டு ஒரு கடிதமும் எழுதினோம்: இரண்டு பேருக்குப் பஸ் காசு, ஒத்திகை நாளுக்கு ஒரு சிறு கொடுப்பனவு, நாடகப் பாட ரீச்சர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் எங்களோடு இருந்து எங்கட பிழைகளைச் சொல்ல வேண்டும். மூன்றாவதைப் பற்றி ரீச்சரே கோல் எடுத்து, செவ்வாய்க்கிழமை ஏழாம் பாடம் தனக்கு ஃப்ரீ என்று சொன்னா. முதல் இரண்டுக்கும் பதில் இன்னும் வரேல்ல.